அரிக்கமேட்டுக்கு ஒரு விடுமுறைப் பயணம்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளம் துள்ளாத மாணவி உண்டோ? தேர்வின் கடைசி மணி அடித்த உடனேயே, “நீங்கள் எங்கே போகிறீர்கள்?” என்ற கேள்வி வகுப்பறையெங்கும் ஒலிக்கத் தொடங்கிவிடும். ஊட்டி என்பாள் ஒருத்தி. கொடைக்கானல் என்பாள் மற்றொருத்தி. வேளாங்கண்ணி போய்வராத குடும்பமே நம்மில் இல்லை. “நாங்கள் ஊரிலேயேதான் இருக்கிறோம்” என்று சொல்பவளின் குரல் மட்டும் சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். அவ்வாறு ஊரிலேயே இருக்கப் போகும் தோழியருக்காகவும், வெளியூரிலிருந்து வரும் உறவினரை எங்கே அழைத்துச் செல்வது என்று திகைக்கும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடற்கரையும் வேண்டும், பழைமையான சின்னங்களும் வேண்டும் என்று விரும்பும் மேல்நாட்டார் பலர் மெக்சிகோ நாட்டிலுள்ள துலும் என்னும் ஊருக்குச் செல்கின்றனர். மாயர் என்ற பழங்குடி மக்கள் கட்டிய நகரம் அது. மூன்று பக்கமும் கல் மதில். நான்காவது பக்கம் கரீபியன் கடல். பாறைக் கரையின் மேல் கோயில் நிற்கிறது. அதன் காலடியில் வெண்மணல். 1518-இல் அக்கரையோரமாகக் கப்பலில் சென்ற ஸ்பானியர் அந்நகரைக் கண்டு வியந்தனராம். அது வெறும் கோயில் நகரம் மட்டுமன்று, வாணிகத் துறையுமாகும். பவளப் பாறைகளுக்கிடையே இருந்த ஒரு வழியாகப் படகுகள் கரைக்கு வந்தன. கத்தி செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடிக் கல்லும், பச்சை மணிக்கல்லும் அவற்றில் வந்திறங்கின.

படத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு உடனே தோன்றியது, “இது நம் அரிக்கமேடு போல அல்லவா இருக்கிறது!” என்பதுதான். கடல், ஆறு, துறைமுகம், மணிகள், தூர தேசத்து வணிகர் எல்லாம் நமக்கும் இருந்தன. துலும் செழித்திருந்தது ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை. நம் அரிக்கமேடோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. ஒரே ஒரு வேற்றுமை உண்டு. துலுமில் கல் நிற்கிறது. அரிக்கமேட்டில் எதுவும் நிற்கவில்லை.

ஆகவேதான் அங்கே போய்வந்தவர்களில் பலர், “ஒன்றுமே இல்லை, நாலு சுவரும் ஒரு மாந்தோப்பும்தான்” என்று உதட்டைப் பிதுக்குகின்றனர். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் போன முறைதான் சரியில்லை என்பது என் கருத்து. கோட்டையையும் கோபுரத்தையும் முன்பின் தெரியாமல் போய் நின்று பார்த்தாலும் வியப்பு உண்டாகும். மண்ணுக்குள் இருக்கும் ஊரை அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். முதலில் அருங்காட்சியகம், அடுத்து மேடு, கடைசியில் கடல் என்ற வரிசையில் போக வேண்டும். வரிசை மாறினால் பயன் குறையும்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிக்கும், புயலும் வரும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் நம் ஊருக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து, மரங்களையெல்லாம் வேரோடு சாய்த்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்கின்றனர். மே மாதத்திலோ அக்கினி நட்சத்திரம். நிழலற்ற ஆற்றங்கரையில் நண்பகலில் நிற்பது தண்டனையே ஆகும். சனவரியும் பிப்ரவரியும்தான் ஏற்ற மாதங்கள். கோடை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் காலை 6 மணிக்கே மேட்டுக்குப் போய் 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

பண்டைய மாலுமிகளும் இப்படித்தான் காற்றைப் பார்த்துத் திட்டமிட்டனர். எகிப்து நாட்டுச் செங்கடல் துறைகளிலிருந்து சூலை மாத வாக்கில் புறப்பட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் உதவியால் அரபிக் கடலைக் கடந்து சேர நாட்டு முசிறிக்கு வந்தன. திரும்பிப் போக வடகிழக்குக் காற்று எழும்வரை அவை காத்திருக்க வேண்டும். கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்ற கடல்வழிக் கையேடு இவற்றையெல்லாம் கூறுகிறது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. சோழ மண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்ற மூன்று துறைகளை அவர் குறிப்பிடுகிறார். இவற்றுள் பொதுகே என்பது நம் புதுச்சேரிப் பகுதியே, அதாவது அரிக்கமேடே என்பது அறிஞர் பலரின் முடிவு. உள்ளூர் மரக்கலங்களையும் அவர் விட்டுவிடவில்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய ‘சங்கரா’ என்ற பெரிய கலங்களைப் பற்றி எழுதியுள்ளார். (சங்கரா என்றதும் நமக்கு மீன்தான் நினைவுக்கு வருகிறது. என் தோழிகள் சிரித்தே விட்டனர்!)

இனி முதல் நாள். அன்று மேட்டுப் பக்கமே போக வேண்டா. பாரதி பூங்காவுக்கு அருகில், செயின்ட் லூயி தெருவிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அரசு அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருப்பது வழக்கம். எந்நாள் என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. உள்ளே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ளன. பிரெஞ்சுக்காரர் காலத்து நாற்காலி, மேசைகள், பல்லக்கு, ‘புஸ்புஸ்’ வண்டி எல்லாம் உள்ளன. தம்பி தங்கைகள் வண்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவர். அவர்களை இழுத்துக்கொண்டு அரிக்கமேட்டுப் பொருள்கள் உள்ள பெட்டிகளுக்கு வந்துவிட வேண்டும். பார்வைக்கு அவை மிகச் சாதாரணமானவை: உடைந்த ஓடுகள், சாடித் துண்டுகள், மணிகள். ஆனால் பயணத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது.

மூன்று பொருள்களை மட்டும் தேடிப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

முதலாவது, இரண்டு கைப்பிடிகளும் கூரிய அடியும் உடைய உயரமான சாடி. இதற்கு ஆம்போரா என்று பெயர். நிற்க வைக்க முடியாத சாடியை ஏன் செய்தார்கள் என்று தோன்றும். கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்குவதற்காக அவ்வாறு செய்தனர். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மதுவும், ஒலிவ எண்ணெயும், மீன் ஊறலும் அவற்றில் வந்தன.

இரண்டாவது, பளபளப்பான சிவப்பு நிறத் தட்டுத் துண்டு. இத்தாலியில் அரெட்சோ என்ற ஊரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. சில துண்டுகளின் அடியில் செய்தவரின் முத்திரையும் உண்டு. இந்தச் சிறு துண்டு தென்னிந்திய வரலாற்றுக்கே ஒரு திறவுகோலாக அமைந்தது. எவ்வாறு என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

நம் பாட்டிமார் டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் புடவைகளை அடுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறோம். புடவையில் தேதி இல்லை. ஆனால் தாளில் தேதி உண்டு. தாள் 1975-ஆம் ஆண்டினது என்றால், அதன்மேல் உள்ளவை அந்த ஆண்டுக்குப் பிறகே அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம் அன்றோ? மண்ணும் அப்படித்தான் அடுக்கடுக்காகப் படிகிறது. நம் நாட்டுக் குயவர் வனைந்த பானைகளில் ஆண்டு எழுதப்படவில்லை. அவை எக்காலத்தவை என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. இத்தாலிய நாட்டுச் சிவப்புத் தட்டோ கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்த ஒன்று. அது கிடைத்த மண்ணடுக்கிலேயே நம் பானைகளும் கிடைத்தன. உடனே நம் பானைகளுக்கும் ஏறத்தாழக் காலம் தெரிந்துவிட்டது. அதே வகைப் பானைகள் வேறு ஊர்களில் கிடைத்தபோது அவ்வூர்களுக்கும் காலம் தெரிந்தது. தேதியிட்ட செய்தித்தாள் போல அந்த உடைந்த தட்டு உதவியது.

மூன்றாவது, மணிகள். கடுகளவு முதல் மிளகளவு வரை உள்ள கண்ணாடி மணிகள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனப் பல நிறத்தில் உள்ளன. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் சிறு சிறு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுங்கச் செய்வர். ஆந்திராவில் பாபாநாயுடுபேட்டை என்ற ஊரில் இம்முறை நம் காலம் வரை வழங்கிவந்தது. இவ்வகை மணிகள் அரிக்கமேட்டில் செய்யப்பட்டன. கீழ்த்திசை நாடுகளுக்கும் இவ்வகை மணிகள் கடல் கடந்து சென்றுள்ளன. மதுச் சாடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது வந்த பொருள். மணியோ நாம் செய்து அனுப்பிய பொருள். எனக்கு மணியின்மேல்தான் மதிப்பு அதிகம்.

அன்று மாலை நகரக் கடற்கரையில் காற்று வாங்கலாம். பெரும்பகுதி கருங்கற்கள் கொட்டிய கரையாக இருப்பதன் காரணமும் நம் கதையோடு சேர்ந்ததே. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டிக் கட்டப்பட்டன. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அணைகள் அதைத் தடுக்கவே, தெற்கே மணல் சேர்ந்தது; வடக்கே நகரத்தின் கரை மணலை இழந்தது. 2018-இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலடியில் ஒரு தடுப்பை அமைத்த பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் ஓரளவு திரும்பியுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கலங்கள் நுழைந்த அதே ஆற்று வாயில்தான் இன்றைய துறைமுகத்தின் வாயிலும் என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

இரண்டாம் நாள் அதிகாலையில் புறப்பட வேண்டும். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, கிழக்கே வீராம்பட்டினம் செல்லும் சாலையில் திரும்பினால் காக்காயன்தோப்பு வரும். அரிக்கமேடு அங்கேதான் உள்ளது. நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர். சாலை வழியாகச் சற்றுக் கூடுதல். சைக்கிளிலும் போகலாம். கடை எதுவும் அருகில் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டா. குடிநீரும், புளிச்சோறோ இட்லியோ கட்டிய பொட்டலமும், தொப்பியும் அவசியம். முள் நிறைய உண்டு. செருப்பு இன்றி நடக்கலாகாது.

பெயர்க்காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. அருகன் மேடு என்பதே மருவியது என்பர் சிலர். ஆறு அரிக்கும் மேடு என்பர் வேறு சிலர். மொழி வல்லவர்கள் எதை ஏற்றாலும், ஆற்றங்கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றும். ஆறு வளைந்து திரும்பும் இடம் அது. கரை சரியச் சரியச் செங்கல்லும் ஓடும் வெளியே வந்தன. ஊரை நமக்குக் காட்டிக் கொடுத்ததும் அந்த ஆறுதான். ஊரைத் தின்றதும் அதே ஆறுதான்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது உயர்ந்த செங்கற்சுவர்கள். எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, “ரோமாபுரிக் கட்டடம்” என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அது ரோமர் கட்டியதன்று. பிரெஞ்சு வேதபோதகர்கள் 18-ஆம் நூற்றாண்டில், 1770-களில் நடத்திய குருமடத்தின் எஞ்சிய சுவர்களே அவை. சயாம், கொச்சின் சீனா முதலிய நாடுகளில் துன்பத்துக்கு ஆளான குருமாணவர்கள் இங்கு அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற குரு, பிற்காலத்தில் ஆயர். வியட்நாம் மொழிக்கும் இலத்தீனுக்கும் ஓர் அகராதியை அவர் 1773-இல் இங்கேதான் முடித்தார். சைகோனில் தாத்தாவோ பாட்டியோ வாழ்ந்த குடும்பங்கள் நம் பள்ளியில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு இச்செய்தி இனிக்கும் என்று நம்புகிறேன். ஆகவே அச்சுவரை அலட்சியம் செய்ய வேண்டா. ஆனால் ஆயிரத்து எழுநூறு ஆண்டு வேறுபாட்டை மறக்கவும் வேண்டா.

இந்த மேட்டின் கதையில் வந்துபோன மனிதர்களும் சுவையானவர்கள். வீராம்பட்டினத்தார் பழஞ்செங்கல்லைத் தோண்டி எடுப்பதாக 1734-லேயே பிரெஞ்சு அதிகாரிகளின் கடிதம் கூறுகிறது. பின்னர் அதைப் பற்றி எழுதியவர் லெ ழாந்தீ என்ற வானநூல் அறிஞர். பாவம், அவரைப் போல அதிர்ஷ்டம் கெட்டவர் எவருமில்லை! சூரியனுக்கு முன்னே வெள்ளிக் கோள் கடந்து போவதைப் பார்க்க 1761-இல் புதுச்சேரியை நோக்கிக் கப்பலில் வந்தார். ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் இறங்க முடியாமல் கடலிலேயே இருந்துவிட்டார். அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கழித்து. காத்திருந்தார். 1769 சூன் மாதத்தில் குறித்த நாளில் நம் ஊரில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. 1771-இல் தாய்நாடு திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டியிருந்தனராம். வானத்தில் தேடியது கிடைக்காவிட்டாலும், மண்ணில் கிடந்ததை அவர் கவனித்தார்.

அதன்பின் 1937-இல் ழுவோ துப்ரேய் என்ற பேராசிரியர், இங்குள்ள சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். ஒரு கல்லில் செதுக்கியிருந்த மனிதத் தலையை அகுஸ்து சீசரின் உருவம் என்று கண்டார். லூக்கா நற்செய்தியில் குடிமதிப்புக் கணக்கெடுக்கக் கட்டளை பிறப்பித்தாரே, அதே பேரரசர்தான்! 1940-களின் தொடக்கத்தில் ஃபொஷே என்ற குருவும் சுர்லோ என்பவரும் தோண்டினர். கிடைத்தவற்றில் சில ஹனோய் நகர அருங்காட்சியகத்துக்குக்கூடச் சென்றன. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்டிமர் வீலர், 1944-இல் சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ஆம்போராவின் துண்டைக் கண்டு திடுக்கிட்டு, எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் புதுச்சேரிக்கே வந்துவிட்டார். நம் பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் சிவப்புத் தட்டுகளைக் கண்டார். 1945-இல் முறைப்படி அகழ்ந்தார். ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள பண்டகசாலை, சுற்றுச்சுவரும் தொட்டிகளும் உடைய முற்றங்கள் எல்லாம் வெளிவந்தன. தொட்டிகளில் மெல்லிய துணிகளுக்குச் சாயம் ஏற்றியிருக்கலாம் என்று அவர் கருதினார். அவருக்குப் பிறகு கசால் என்ற பிரெஞ்சு அறிஞர் 1947 முதல் 1950 வரை தோண்டினார்.

பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. வி. இராமன் அவர்களோடு சேர்ந்து மீண்டும் அகழ்ந்தார். மீன்பிடி கிராமமாகக் கிடந்த இடம் ரோமரால் நகரமாயிற்று என்பது வீலரின் எண்ணம். அம்மையாரின் ஆய்வு அதை மாற்றியது. ரோமச் சாடிகள் வருமுன்பே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வாக்கிலேயே இங்கே வாணிகம் நடந்திருக்கிறது. ரோமர் தொடர்பு குறைந்த பிறகும் ஊர் அழிந்துவிடவில்லை. சோழர் காலத்துக் காசும் சீனத்துப் பீங்கானும்கூடக் கிடைத்துள்ளன. பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. இவற்றையெல்லாம் படித்த பிறகும் “ரோமாபுரி நகரம்” என்றே விளம்பரப் பலகைகளிலும் துண்டுத்தாள்களிலும் எழுதுவதைக் காணும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது. யவனர் வந்துபோன தமிழர் துறைமுகம் என்றால் பெருமை குறைந்துவிடுமா என்ன?

சரி, மேட்டில் நின்று பார்ப்பது எதை? தோண்டிய குழிகளை மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டனர். செங்கல் மழையிலும் வெயிலிலும் கெடாதிருக்க அதுவே வழி. ஆகவே முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும். நம் கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக் காலத்திலும் பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, அலைகளைத் தாண்டி நாட்டுப் படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. அப்படிப்பட்ட கரையில், அலையடிக்காத ஆற்று வளைவு ஒன்று கிடைத்தால் மாலுமிக்கு வேறென்ன வேண்டும்? செஞ்சியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்குமுன் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அரியாங்குப்பம் ஆறு, மற்றொன்று சுண்ணாம்பாறு. அமைதியான தண்ணீரில் படகு வந்து நிற்பதையும், கூலியாட்கள் சாடிகளைத் தோளில் சுமந்து கரையேறுவதையும், தொட்டிகளில் நனைந்த துணி காய்வதையும், மணி செய்வோரின் உலைப் புகையையும் அருங்காட்சியகத்தில் பார்த்த பொருள்களைக் கொண்டு மனத்திலே கட்டிப் பார்க்கலாம். பத்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும். என் தம்பிக்கே இது முடிந்தது என்றால் யாருக்கும் முடியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மழை பெய்த மறுநாள் மண்ணில் மணியோ ஓடோ பளிச்சென்று தெரியலாம். கை பரபரக்கும். எடுக்கவே கூடாது. இது பாதுகாக்கப்பட்ட இடம். எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, டிரங்குப் பெட்டி உதாரணத்தை நினைவுகூர வேண்டுகிறேன். எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அந்த மணியின் கதை இருக்கிறது. நம் மேசை இழுப்பறைக்கு வந்துவிட்டால் அது வெறும் கண்ணாடித் துண்டு. அதன் கதை யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகச் செங்கல்லும் மணியும் போன இடம் தெரியாமல் போயிருக்கின்றன. ஏதேனும் கண்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு அங்குள்ள காவலரிடம் சொல்லலாம்.

வெயில் ஏறுமுன் கடலுக்குப் போகலாம். சாலை முடியும் இடம் வீராம்பட்டினம். மீனவர் நிறைந்த பெரிய ஊர். செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேர்த்திருவிழா பெயர்பெற்றது. பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநரால் தொடர்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமியில் துன்பப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. ஆகவே அங்கே போகும்போது அது வேடிக்கை இடம் அன்று, பிறர் தொழில் செய்யும் இடம் என்ற நினைவு வேண்டும். வலை காயும் இடத்தில் மிதிக்கக் கூடாது. படகு கரையேறும் வழியில் பாய் விரித்து உட்காரக் கூடாது. அண்ணா, அக்கா என்று கேட்டால் எந்த வலை எந்த மீனுக்கு என்று அன்போடு சொல்லித் தருகின்றனர்.

மணலில் விளையாட வேண்டும், படகிலும் ஏற வேண்டும் என்பவர்கள், மீண்டும் கடலூர் சாலைக்கு வந்து நோணாங்குப்பத்துக்குப் போகலாம். அங்குள்ள சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகில் ஏறினால், இருபுறமும் பசுமையைப் பார்த்தவாறே ஆற்று முகத்துவாரத்திலுள்ள மணல் திட்டுக்குச் சேரலாம். ‘பாரடைஸ் பீச்’ என்று அதற்குப் பெயர். பண்டைய மாலுமி ஆற்று வழியாகக் கடலுக்குப் போன அனுபவத்தில் ஒரு துளியாவது இப்படகில் கிடைக்கும் என்பதால் நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் குளிப்பதில் எச்சரிக்கை தேவை. நம் கடல் பார்வைக்கு அமைதியாக இருந்தாலும் காலுக்கடியில் இழுக்கும். நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தின் அருகே ஆற்றுநீர் வேகமாகக் கடலுக்குள் ஓடும். அங்கே நீச்சல் தெரிந்தவரும் இறங்கலாகாது. முழங்காலளவு தண்ணீர், பக்கத்தில் பெரியவர் ஒருவர் என்ற இரண்டையும் அம்மா, அப்பா எங்களுக்கு விதித்துள்ளனர். பாவாடை நனைந்ததே போதும் என்று கரையேறிவிட வேண்டும்.

மூன்றாம் நாளும் கையிலிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகலாம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் டூப்ளேயின் உதவிக்காகப் பிரெஞ்சுக்காரருக்கு அளிக்கப்பட்டு, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. உப்பங்கழியும் கடலும் சேர்ந்து அழகாக இருக்கும். இன்னும் வடக்கே மாமல்லபுரம். அதைப் பற்றி ஆண்டுதோறும் யாரேனும் இம்மலரில் எழுதிவிடுவதால் நான் நீட்டவில்லை. ஒன்றே ஒன்று: கடற்கரைக் கோயிலைப் பார்த்த கையோடு, அருகிலுள்ள சாளுவன்குப்பத்தையும் பார்க்க வேண்டும். சுனாமி அலை மணலை அரித்ததால் பாறையிலிருந்த கல்வெட்டு வெளிப்பட, அதைப் பின்பற்றி 2005-இல் தோண்டியபோது மிகப் பழைய செங்கல் முருகன் கோயில் கிடைத்தது. பல்லவரின் கற்கோயிலுக்கும் முற்பட்ட செங்கல் அது. அரிக்கமேட்டைப் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்தச் செங்கல்லின் அளவைக் கவனிக்கத் தோன்றும்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்பர். முதல் இரண்டு நாளுக்கும் பேருந்துக் கட்டணம், நுழைவுச் சீட்டு, படகுக் கட்டணம் ஆகியவைதாம் செலவு. சோறு வீட்டிலிருந்தே போய்விடும். ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தால் சாடியின் வடிவத்தையும் ஆற்றின் வளைவையும் வரைந்து வரலாம். பொங்கல் விடுமுறை இதற்கு மிகப் பொருத்தம். ஆனால் காணும் பொங்கலன்று மட்டும் புறப்பட வேண்டா. அன்று ஊர் முழுவதும் கடற்கரையில்தான் இருக்கும். படகுத் துறையில் வரிசை சாலை வரை நீண்டிருக்கும்.